அவள் கோர்த்த முதல் வாக்கியம்

அய்பிகேயின் அப்பாவுக்கு,

நாரின் ஊரில் உங்கள் தம்பி கல்யாணத்தன்று, விருந்தாளிகள் பார்த்துவிடக் கூடாதென்று குழந்தையின் காதுக்கருவியைக் கழற்றி உங்கள் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டீர்கள். "ஒரு நாள் கேக்கலைன்னா குடி முழுகிப்போயிடுமா?" என்று உங்கள் அக்கா சிரித்தாள்.

காது கேட்பதற்கான அறுவை சிகிச்சை முடிந்து, அந்தக் கருவியை மாட்டி ஒன்றரை வருடமாக அவள் ஒற்றை வார்த்தைகளைத்தான் பேசினாள். அவள் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லும் நாளுக்காக நானும் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் பிஷ்கெக் டீச்சரும் காத்திருந்தோம்.

அன்று விருந்தின் நடுவே உங்கள் கோட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா, குடு" என்றாள். நீங்கள் அவள் வாயைப் பொத்தினீர்கள்.

உங்கள் பையிலிருந்து கருவியைப் பிடுங்கி அவளுக்கு மாட்டியது நான்தான். இனி நாங்கள் பிஷ்கெக்கில்தான் இருப்போம். நேற்று டீச்சர், "ரெண்டு வார்த்தையா சேத்து மொதல்ல என்னம்மா சொன்னா?" என்று ஆசையாகக் கேட்டார். சொன்னேன். அதை எதற்காகச் சொன்னாள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அவளுடைய அம்மா