விட முடியாத தோள்கள்

18 அக்டோபர் 1997, சனி இரவு. ஜெர்சி சிட்டி.

அண்டை வீட்டு ருமேனியர் தம் மகள் திருமணத்தில் வட்ட நடனம் ஆடினர். மணமகள் ஊரின் ஹோரா ஆட்டம் கைகோத்து மெல்ல நடப்பது; துணிந்து சேர்ந்தேன். உடனே மணமகன் வீட்டார் தங்கள் மல்தோவாப் பகுதி ஆட்டத்தைத் தொடங்கினர். தோளோடு தோள் பிணைத்து, தரை அதிர மிதித்துச் சுழல்வது அது. வட்டத்தை இடையில் அறுப்பது அவமதிப்பாம். என் நெஞ்சை ஏதோ இறுக்கிப் பிடித்தது. மேடைப் பேச்சால் பேரவைகளை அதிரவைத்த எனக்கு "நிறுத்துங்கள்" என்னும் ஒரு சொல் எழவில்லை.

"அப்பா, டோன்ட் ஸ்டாப்!" என்று மகள் கைதட்டினாள்.

"என்னங்க, இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி. ஆடிய களைப்பு என்றேன்.

இப்போது இடக்கை மரத்திருக்கிறது. கண்ணயர அஞ்சுகிறேன். விடியும்வரை பொறுக்கலாம் என எண்ணினேன். என் தந்தையும் நெஞ்சுவலி வந்த இரவில் அப்படித்தான் பொறுத்தார்; விடியலைப் பார்க்கவில்லை.

இல்லை, மனைவியை எழுப்புகிறேன்.