ஊசிக்குத் தப்பிய டஸ்டி

8 பிப்ரவரி 2009, ஞாயிறு
காலையில் பனிமூட்டம். இந்த அரபு நாட்டு ஜெயிலின் மதில் தெரியவில்லை. லாரி விபத்துக் கேஸில் உள்ளே வந்த பிறகு முதல்முறையாக ஒரு டியூட்டி: நாய் பழக்குவது. வேலை போய் ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நாய்கள். நாங்கள் பழக்கிக் கொடுத்தால் யாராவது வீட்டுக்குக் கூட்டிப்போவார்களாம். என் பங்குக்கு டஸ்டி. மஞ்சள் நிறம். பூட்டிய ஃபிளாட்டில் கிடந்ததாம். யார் போனாலும் பல்லைக் காட்டுகிறது.
நாய் டாக்டரம்மா மலையாளி. "இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா கொல்ற ஊசிதான் செல்வம்" என்றார்.

10, செவ்வாய்
டஸ்டி பாய்ந்ததில் சட்டைக் கை கிழிந்தது. வார்டர், "சோட் தோ பாய். கலாஸ்" என்றார். விட்டுவிடு, அவ்வளவுதானாம். விடுவதா?
மத்தியானம் சோற்று வரிசையில் நிற்கும்போது சோடா ஞாபகம். சிவகங்கையில், நான் ஐந்தாவது படிக்கையில் வளர்த்த நாய். கல்லடி பட்டு வந்தது, ஆளைக் கண்டாலே உறுமும். முதுகைக் காட்டி உட்கார்ந்து நான்பாட்டுக்குத் தின்றேன். தானாக வந்து முதுகில் மூக்கை வைத்தது. செத்து எத்தனையோ வருடம். இன்னும் முதுகில் அந்த ஈரம்.

11, புதன்
டஸ்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குப்பூஸ் ரொட்டி தின்றேன். வரவில்லை. வெயில்.
ரூமில் கூட இருக்கும் கீழக்கரை ரஃபி பாய் நாயைத் தொடமாட்டார். தொழுகைக்குச் சுத்தம் வேண்டும். ஆனாலும் தன் கோழித் துண்டைத் தாளில் மடித்துத் தந்தார்.
"எம் மேல படாம பாத்துக்கங்க தம்பி. அதுவும் பசிச்ச உசுருதானே."

15, ஞாயிறு
வந்துவிட்டது. முதுகில் ஈர மூக்கு. மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

20, வெள்ளி
கயிறு கட்ட விட்டது. உட்கார், நில், வா. மூன்றும் படித்தாயிற்று. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கூட்டிட்டுப் போறவங்க தமிழுக்கு எங்க போவாங்க?"
இனி மறுபடி முதலிலிருந்து, இங்கிலீஷில்.

26, வியாழன்
பரீட்சை. எல்லோரும் முற்றத்தில். இறைச்சித் தட்டைத் தாண்டி நடக்க வேண்டும், தாண்டியது. அடுத்து வார்டர் வந்து அதன் காதைப் பிடித்தார். டஸ்டி வாலை ஆட்டியது.
பாஸ்.
பாகிஸ்தானி, பெங்காலி, எல்லோரும் கைதட்டல். ரஃபி பாய் தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.
ஷார்ஜாவில் ஒரு டீச்சர் குடும்பம் கூட்டிப்போனது. டஸ்டி தானே காரில் ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது.
சாயங்காலம் ஊருக்கு ஃபோன். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.
"அங்க போயுமாடா நாய்?"
சிரித்துவிட்டாள். கேஸ் விழுந்ததிலிருந்து அம்மா சிரித்து இன்றுதான் கேட்கிறேன். ஃபோன் கார்டு தீரும்வரை சிரித்தாள்.