ஈரத்தில் சீவும் முடி

ஜூன் 13, 2024, வியாழன்

சீப்பில் இரண்டு பல் உடைந்துவிட்டது. காவியாவின் முடியில்.

பள்ளி திறந்த வாரம். இதுவரை அவளுக்குத் தலை பின்னிவிட்டது பக்கத்து வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா சாலம்மாள். எனக்கு அண்ணி. இப்போது அண்ணிக்கு தர்மபுரியில் பனியன் கம்பெனி வேலை. காலையில் பொழுது ஏறுமுன்பே வேன் வந்துவிடுகிறது. அதனால் இந்த வேலை என்னிடம் வந்தது. தை மாதம் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தலையை நான் தொட்டதில்லை. அவள் தொட விட்டதும் இல்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை முடியா? ஒவ்வொரு இழையும் ஒரு கம்பிச் சுருள். என் தலைக்குச் சீவுவது மாதிரியே உச்சியில் சீப்பை வைத்து இழுத்தேன். கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அழுத்தி இழுத்ததில்தான் பல் போனது. அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

“எங்கம்மா சீவுனா வலிக்காது” என்றாள். என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

லேபில் நான் ரத்தம் எடுத்தால் குழந்தைகள்கூட அழுவதில்லை என்று மொரப்பூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டே ஊசி குத்தினேன்.

ஜூன் 16, ஞாயிறு

நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். என் முடி சீயக்காய்க்குப் படிந்து கிடக்கும். அவள் முடி காயக் காய நாலு பக்கமும் எழும்பி நின்றது. தொட்டால் தேங்காய் நார்.

அண்ணி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாய்கட் அடிச்சி வுட்ரு தேனு. ஒரு வருசத்துக்குத் தொல்லையில்ல.”

அண்ணி நல்ல மனதோடுதான் சொன்னார். காவியா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சோறு ஆறிப்போகும் வரை வெளியே வரவில்லை.

அவள் அம்மா மணிமேகலைக்கும் இதே முடியாம். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அது தெரியாது. படம் எடுப்பதற்காக இழுத்து வாரிக் கட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 17

இன்று தலை கட்டாமலே ஓடிவிட்டாள். டீச்சர் போன் செய்தார். “ரெட்டை ஜடை போட்டு அனுப்புங்கம்மா. புள்ளைங்க காக்கா கூடுன்னு கிண்டல் பண்றாங்க, இது பேசாம உக்காந்திருக்குது.”

ஜூன் 20

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்தேன். சுருட்டை முடிக்கென்றே எத்தனை பேர் பேசுகிறார்கள். எல்லாம் பெங்களூரு, சென்னை. அவர்கள் காட்டுகிற டப்பாக்கள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் நமக்குக் கட்டாது. ஒரு பெண் மட்டும் ஆளி விதையைக் காய்ச்சி வடித்துப் போட்டால் போதும் என்றாள்.

சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன்.

“சுகருக்குங்களா?”

“இல்லீங்க, முடிக்கு.”

“முடிக்கு வெந்தயம்தானுங்களே” என்று அதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஆளி விதை கொதித்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி வந்தது. ஆறட்டும் என்று மூடி வைத்துவிட்டுத் துணி மடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் விதையும் பசையும் ஒரே கட்டி. சூடாக இருக்கும்போதே வடித்திருக்க வேண்டுமாம். வீடியோவில் அவள் அதைச் சொன்னாளா, நான்தான் கேட்கவில்லையா?

ஜூன் 23, ஞாயிறு

வெந்தயம் ஊறவைத்து அரைத்துத் தடவினேன். அலச அலச வெந்தயத் தூள் போகவே இல்லை. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ந்த பிறகு விரலால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன். அவள் உடம்பு முழுக்கக் குழம்பு வாசனை. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு.

“விடுங்க. நீங்க என் தலைய தொடாதீங்க. இனிமே தொடவே தொடாதீங்க.”

நான் என்ன பண்ணிட்டேன்? அவளை அடிச்சேனா, திட்டினேனா? நல்லதுக்குத்தானே இத்தனையும் — யாருக்கு நல்லதுக்கு? ஊர் என்னைச் சொல்லக் கூடாதுன்னா? வந்தவ புள்ளைய எப்படி வெச்சிருக்கா பாருன்னு யாரும் பேசிடக் கூடாதுன்னா?

தெரியல. ரெண்டும் இருக்கும்.

ஜூன் 24

வீட்டுக்காரரிடம் கேட்டேன். மணிமேகலை பிள்ளைக்கு என்ன போட்டுச் சீவுவாங்க?

முனிராஜ் வெகு நேரம் யோசித்தார். தக்காளி லோடு ஏற்றப் போகிற அவசரத்திலும் நின்று யோசித்தார். “தெரியல. நான் வண்டிக்குப் போயிருவேன். வரும்போது சீவி முடிச்சிருக்கும்.”

அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. அதற்குமேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை.

யாருக்குத் தெரியும் என்றால், மணிமேகலையின் தங்கை கலைமணிக்குத் தெரியும். அரூரில் இருக்கிறாள். சாவுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தோடு போக்குவரத்து இல்லை. காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே வைத்திருந்தார், சேலத்துக்குக் கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று காரியத்தன்றே எல்லார் முன்னாலும் இவரைச் சொல்லிவிட்டாளாம். இவரும் அன்றோடு பிள்ளையை அங்கே அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

“அங்க போவாத தேனு. பழச கிளறுவாங்க.”

சரி என்றேன்.

ஜூன் 27

போய்விட்டு வந்தேன். லேபில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அரூர் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததுமே கலைமணி என்று தெரிந்தது. காவியாவின் தலை, பெரிய பெண்ணின் உடம்பில். நெற்றியோரம் சின்னச் சின்னச் சுருள்கள். அப்படி அழகாக விழும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

“தேன்மொழிங்களா. ம். எங்கக்கா போயி ரெண்டு வருசம் முடியல. அதுக்குள்ள மாமா கல்யாணமும் பண்ணியாச்சு. அந்தப் புள்ளைய ஒரு தடவை கண்ணுல காட்டல. இப்ப முடி சீவத் தெரியலன்னு நீங்க வந்து நிக்கறீங்க.”

“ஆமாங்க. தெரியல” என்றேன். வேறு என்ன சொல்வது?

உள்ளே போனாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. போகச் சொல்கிறாளா, இருக்கச் சொல்கிறாளா என்று புரியாமல் வாசலிலேயே நின்றேன். மெஷின் நின்றது. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். என் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை, போனையும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, “ஏங்கண்ணு அழுவற?” என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூன் 29, சனி

கலைமணி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. நேரே ஆரம்பிக்கிறாள். மறக்காமல் இருக்க அப்படியே எழுதி வைக்கிறேன்.

“காஞ்ச முடியில சீப்பே வெக்கக் கூடாதுங்க. ஒடஞ்சிரும். ஈரத்துல மட்டுந்தான் சீவணும். பொட்டிக்கடையில சரமா தொங்குது பாருங்க கண்டிஷனர், எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, அது போதும். ஆனா கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நல்லா வழிய வழியப் போடுங்க. அது தலையில இருக்கும்போதே அகலப் பல்லு சீப்புல கீழ நுனியில இருந்து சிக்கு எடுத்துக்கிட்டே மேல வாங்க. மேல இருந்து கீழ போவாதீங்க. அப்பறம் லேசா அலசுங்க, வழுவழுப்பு கொஞ்சம் இருக்கட்டும்.

“வெண்டக்காய நறுக்கிக் கொதிக்க வெச்சி, சூட்டோட துணியில புழியுங்க. முத்தலா இருந்தாலும் பரவாயில்ல, சந்தையில கழிச்சிப் போடறதே வாங்கிக்கலாம். அந்தக் கொழகொழப்புல ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெ. அத ஈர முடியில தடவி, கைக்குள்ள கசக்கிக் கசக்கி வுடுங்க. துண்டு போட்டுத் தொவட்டாதீங்க, பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுங்க. காயற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது. அவ்ளோதான். எங்கக்கா இதத்தான் பண்ணும். எனக்கும் அதுதான் பண்ணிவுட்டது.”

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“எடது காதுக்குப் பின்னால ஒரு சுழி இருக்குங்க அதுக்கு. அங்க மட்டும் விரல்ல எடுங்க. சீப்பு வெச்சா அழுவும்.”

ஜூன் 30, ஞாயிறு

வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. போனை அவள் பக்கத்தில் வைத்து அந்தப் பேச்சைப் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.

“சின்னம்மா” என்றாள். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. போனைக் காதோடு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் வெண்டைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தானாகவே முக்காலியை எடுத்துப்போய்க் குளியலறையில் போட்டு உட்கார்ந்தாள். கீழே இருந்து ஒவ்வொரு சிக்காக எடுத்தேன். முதலில் தோளை இறுக்கி வைத்திருந்தாள். பாதிக்கு மேல் வந்தபோது தோள் இறங்கியது. சுழி இருந்த இடத்தை விரலால் கண்டுபிடித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் முதுகு முழுக்க என் முழங்காலில் சாய்ந்துவிட்டது. சாய்ந்தது அவளுக்குத் தெரியாது. என் கால் மரத்துப்போனது. அசையவில்லை.

காய்ந்ததும் கண்ணாடி பார்த்தாள். சுருள் சுருளாய்த் தோளில் விழுந்திருந்தது.

“பரவால்ல” என்றாள்.

ஜூலை 3

அவருக்குத் தெரிந்துவிட்டது. காவியாதான் சொன்னாள், சந்தோஷத்தில்.

“யாரக் கேட்டு அரூர் போன?”

“உங்களக் கேட்டேன். தெரியலன்னீங்க.”

தட்டை வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்ஜினைப் போடவில்லை. சும்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவியா கிட்டப் போய் நின்றாள். “சின்னம்மாவ பாக்கணும்பா.”

நான் செய்தது சரியா? போகாதே என்றவரிடம் சரி என்று சொல்லிவிட்டுத்தானே போனேன்.

ஜூலை 5

ஈரத்திலேயே பின்னினால் ரெட்டை ஜடை அழகாக நிற்கிறது. டீச்சர் போன் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் குனிந்தபடியே, “நாளைக்கு லோடு இல்ல. அரூர் போலாம்” என்றார்.

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, நீங்க போங்க, நான் டீ குடிச்சிட்டு இருக்கேன் என்றார். நாங்கள் இருவரும் போனோம். கலைமணி காவியாவைப் பார்த்தாள். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. முதலில் தலையில்தான் கை வைத்தாள். சுருளுக்குள் விரலை விட்டு நுனி வரை கொண்டுபோனாள். எங்கேயும் சிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்க” என்றாள்.

இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே முடி, ஒரே சிரிப்பு. எதிரே என் வழவழ முடியோடு நான். பொறாமை வந்தது. உண்மையைத்தானே இங்கே எழுதணும். வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து கலைமணி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது அவரும் பின்னாலேயே வந்தார். வாசலில் தயங்கியவரிடம், “உள்ள வாங்க மாமா. சாப்ட்டுட்டுப் போலாம்” என்றாள். குரல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இலை போட்டாள்.

ஆகஸ்ட் 11

ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் இப்போது அவர் வேலை. நறுக்குவதும் பிழிவதும். “இது பொரியலுக்கா, தலைக்கா?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு காவியாவைச் சிரிக்க வைக்கிறார்.

செப்டம்பர் 12

மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல். எழுத்து கோணுகிறது.

நேற்று காலை காவியா யூனிபார்மோடு வாசலில் நின்றுகொண்டு பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். சாதாரணக் காய்ச்சல்தான், போ கண்ணு என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. முகமே வெளுத்துப்போயிற்று.

“அப்பா, சேலம் கூட்டிட்டுப் போங்க. இப்பவே போங்க. வூட்ல வெக்காதீங்கப்பா. வூட்ல வெக்காதீங்க.”

அவர் லோடு சொன்னவருக்குப் போன் போட்டு வரவில்லை என்றார். வண்டியில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு சேலம் போனார். அவள் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரத்தம் பார்த்தார்கள், டெங்கு இல்லை. வைரல். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் லேபிலேயே தெரிந்திருக்கும். பரவாயில்லை. அவர் திரும்பி வரும்போது ஓரமாக வண்டியை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுந்து நடமாடுகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் படுத்தே கிடந்ததில் என் பின்னல் பாய் மாதிரி ஒட்டிக் கிடந்தது. காவியா வாசலில் முக்காலியைப் போட்டாள்.

“உக்காருங்க.”

தலையை நனைத்தாள். கண்டிஷனரை வழிய வழியப் போட்டாள். நுனியில் இருந்து சிக்கு எடுத்துக்கொண்டே மேலே வந்தாள். நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு கவனமாக. என் முடிக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. சீப்பு தானாக இறங்கிப் போகிற முடி. இது தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கடைசியில் வெண்டைக்காய்ப் பசையையும் தடவிக் கசக்கிவிட்டாள். யாரும் கை வைக்கக் கூடாது என்று அப்பாவிடமும் சொல்லி வைத்தாள்.

செப்டம்பர் 23

லேபுக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் தமிழ்மணி, “என்னக்கா, தலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக் கெடக்குது?” என்று கேட்டாள்.

எம்பொண்ணு சீவிவுட்டா என்றேன்.

சாயங்காலம் வந்தும் அலசவில்லை.