புகையில்லாத வீட்டின் வெந்நீர்

வாழ்க செங்கழி நாடு. வெயிலும் மழையும் முறை தவறாது வருக. பேரரசி ஒளிவளை நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் அரையன் பூவன் எழுதுவது. வடதிசைக் காவலரும், வெண்கோட்டு நகரின் ஆளுநரும், விறகுக்காட்டுக்கு உரிமையரும், அரசியாரோடு ஒரே செவிலியிடம் பாலுண்டு வளர்ந்தமையால் தமையனார் என்று அழைக்கப்பெறுபவருமான கூத்தன் பொறையனார் கண்டுகொள்க. உம் ஊரார் நலமா என்று வினவுவது மரபு. அரசியார் நேரில் கண்டுவிட்டமையால் வினவவில்லை.

வெண்கோட்டில் உம் காட்டு விறகை விலைகொடுத்து வாங்க வழியற்ற வீடுகளில் குழந்தைகள் குளிரில் விறைத்து மாண்டது கேட்டு, அரசியார் உம்மிடம் கதிர்த்தகடுகளை அனுப்பினார். கருமை பூசிய அச்செப்புத் தகடுகள் வெயிலை வாங்கி, அடியில் ஓடும் நீரைச் சுடவைப்பவை. தென்னாட்டில் வீடுதோறும் கூரைமேல் கிடையாகப் பரப்பப்படுபவை. வடக்கேயும் இவை பயன்படுமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நீரும் ஊரறிய மண்டபக் கூரைமேல் கிடையாகவே பரப்பினீர். பனி விழுந்து மூடியது. வடக்கே கதிரவனுக்கு வலுவில்லை, விறகைத் தவிர வேறு கதியில்லை என்று எழுதினீர். அமைச்சர்கள் ஐயுற்றபோது, தம் தமையனார் சொல்லுக்கு மேல் சாட்சி வேண்டாம் என்று அரசியார் அவர்கள் வாயை அடைத்தார். மற்றுமொரு பனிக்காலமும் அப்படியே கழிந்தது. மேலும் சில தொட்டில்கள் வெறுமையாயின.

சென்ற தைத் திங்களில் அரசியார் வெண்கோட்டுக்கு எழுந்தருளினார். உம் மாளிகையில் நீராட வெந்நீர் வைத்தீர். வழியெல்லாம் நடுங்கி வந்தவருக்கு அது எத்தனை இதமாயிருந்தது என்பதை அவர் இன்றும் மறைக்கவில்லை. தலை துவட்டுகையில் சாளரம் வழியே பார்த்தார். ஊரெங்கும் புகை எழுந்தது, உம் வீட்டில் மட்டும் இல்லை. அடுப்பு எங்கே என்று வெந்நீர் வார்த்த பெண்ணை வினவ, மேகம் மூடினாலன்றி எங்கள் ஐயன் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று அவள் பெருமையாகவே சொல்லி, கொல்லைப்புறக் கூரையையும் காட்டினாள். அங்கே தகடுகள் தெற்கு நோக்கி ஏறக்குறைய நிமிர்ந்து நின்றன. பனி தங்காமல் வழுக்கி விழுந்திருக்க, தாழ்ந்து செல்லும் வடநாட்டு வெயில் அவற்றின் முகத்தில் நேரே அடித்துக்கொண்டிருந்தது.

அரசியார் ஈரத்தலையோடு அங்கேயே அமர்ந்து அழுதார். உமக்குத் தெரியாமல் நடந்திருந்தால் பொறுத்திருப்பார். எல்லாம் தெரிந்தே ஊருக்குத் தகட்டைப் படுக்கவைத்தீர்.

ஆகவே ஆணை. உம் கூரைத் தகடுகள் இன்றே இறக்கப்பட்டு, மகப்பேற்று மனையின் கூரையில் நிமிர்த்தப்படுக. ஊரில் வீடுதோறும் நிமிர்த்தத் தகடுகள் வருகின்றன; அவற்றுள் குழந்தையை இழந்த வீடுகளுக்குரியவற்றை நீரே தோளில் சுமந்து செல்க. ஏன் இத்தனை தாமதம் என்று அவர்கள் கேட்டால், காரணத்தை உம் வாயாலேயே சொல்லுக. ஊரில் கடைசியாகத் தகடு பெறும் வீடு உம்முடையது. காடு இனி ஊர்ப்பொது. உமக்குத் தகடு வரும்வரை விறகு வேண்டின் வரிசையில் நின்று பெறுக.

தொடக்கத்தில் எழுதிய பட்டங்களை நீக்கவோ என்று எழுதுவோன் கேட்டான். இருக்கட்டும், படித்துப் பார்க்கட்டும் என்றார் அரசியார். தமையனார் என்ற சொல்லை மட்டும் எழுத்தாணி வாங்கித் தம் கையாலேயே கீறி அடித்தார். கீறியபடியே அனுப்பப்படுகிறது.

சங்கு இலச்சினை இட்டது. கூத்தன் பொறையன் பெற்றுக்கொள்க.