இடது பக்கச் சீற்றில் ஒரு பிஸ்கற் பேணி

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நான் சுகம். காரும் சுகம். முன் பம்பரில் கீறல் இருக்கிறது, ஆனால் அது கடைத்தெருக் கார்த்தரிப்பிடத்தில் நீங்கள் போட்ட பழைய கீறல். என் தலையில் கட்டவேண்டாம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். தனியாக, நம்முடைய காரில்.

ஜேர்மனியிலிருந்து இங்கே ஒரு கலியாண வீட்டுக்கு வந்த உங்கள் சிநேகிதர் தந்த பிஸ்கற் பேணி நினைவிருக்கிறதா? மூடியில் மலையும் பனியும், நடுவில் கதைப்புத்தகத்தில் வருவது போன்ற வெள்ளைக் கோட்டையும். பிஸ்கற் முடிந்த அன்றே நான் அதில் மிளகாய்த்தூளைக் கொட்டி அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, ஒருநாளைக்கு உங்கை காரிலேயே போவம் என்பீர்கள்.

எண்பத்து நான்கில் ஊரைவிட்டு இங்கே மோர்டனுக்கு வந்தவர்கள் நாங்கள். அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு விசாவுக்கு அலைய உங்களுக்குப் பொறுமை இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் உங்கள் கண்ணைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கார் ஓட, நீங்கள் இடது பக்கம் இருந்தீர்கள்.

சும்மா இருந்தீர்களோ? அங்கேயிருந்து நீங்களும் ஓடினீர்கள். ஒவ்வொரு சந்தியிலும் "பொறும், பொறும்... இப்ப எடும்" என்பீர்கள். மங்கலாகத் தெரியும் கண்ணோடு எனக்கு வழி பார்த்துச் சொன்ன ஆள் நீங்கள். நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் உங்கள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். மிதித்து மிதித்து அந்த இடத்தில் கால்விரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. எத்தனை சண்டை பிடித்திருப்போம் அதற்காக.

சித்திரையில் உங்கள் முதல் வருச ஆட்டைத் திவசம் முடிந்தது. மறுகிழமையே நம்முடைய மகன் சுதன் ஹரோவிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து, காரை விற்க ஆள் பார்த்திருப்பதாகச் சொன்னான். பிறகு மோர்டன் வீட்டையும் விற்றுவிட்டு என்னைத் தன்னோடு கொண்டுபோய் வைத்திருக்கப் போகிறானாம். பாசத்தில்தான் சொன்னான். ஆனால் என்னைக் கேட்காமல் எல்லாம் முடிவாகியிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோடை முடியட்டும், நான் காரில் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு பேசுவோம் என்றேன்.

"அம்மா, மோர்டனைத் தாண்டி நீங்கள் தனிய ஓடினதில்லை. உங்களுக்கு ஏலாது. கோச் பஸ்சில ஆக்களோட போங்கோ" என்றான்.

"போய்ப் பத்திரமாக் கொண்டந்தால் கார் எனக்கு. கீறினால் நீ சொன்னபடி" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

வழக்கப்படி கண்பட்டுவிடாமல் இருக்க, காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டேன். உங்கள் சீற்றில் அந்தப் பேணியை வைத்து பெல்ற் போட்டேன். உள்ளே புளிச்சாதம். மிளகாய்த்தூளை வேறு போத்தலுக்கு மாற்றி, பேணியை மூன்று தரம் கழுவியும் வாசம் போகவில்லை.

காரைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்ததும் வீதியில் எல்லாம் எதிர்ப்பக்கம். நெடுஞ்சாலை பரவாயில்லை, லொறிகளுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடினேன். சுங்கச்சாவடிப் பெட்டி இடது பக்கம் இருக்கிறது, நான் வலது பக்கம். ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சுற்றிப்போய்க் காசு போட்டேன். பின்னால் நின்றவர்கள் என்னவோ சொன்னார்கள். விளங்காதது நல்லது.

மலையடிவாரத்தில் ஒரு விருந்தினர் வீட்டில் தங்கினேன். விடிய எழும்பி, மலை ஏறப்போகிறோமே என்று மறுபடி நாலு தேசிக்காயைச் சில்லுகளுக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வீட்டுக்காரி நல்ல மனுசி. என் பையிலிருந்து உருண்டு விழுந்தவை என்று நினைத்து நாலையும் பொறுக்கி, கழுவித் துடைத்து, கோப்பிக்குப் பக்கத்தில் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டுபோய்த் திரும்பவும் சில்லுக்குக் கீழே வைத்து ஏற்றி நசித்தேன். வாசலில் நின்று பார்த்தவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

சிரித்துக்கொண்டுதான் போனேன். கோட்டைக்குப் போகும் ஒடுங்கிய வீதியில் புல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்தவேண்டும் என்றால் எதிரே வாகனம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். நம்முடைய காரில் அது இடது சீற்றில் இருப்பவருக்குத்தான் தெரியும். பின்னால் வரிசை, ஹோர்ன் சத்தம். நான் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "இஞ்சேருங்கோ, எடுக்கலாமோ?"

இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பேணி இருந்தது.

வீதியோரம் நிறுத்தி அழுதேன். உங்கள் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை, அங்கே சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கும் கவலை இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு எடுத்தேன். கொஞ்சத்தூரத்தில் அதே உழவு இயந்திரத்தைப் பிடித்தேன். இம்முறை முந்த நினைக்கவில்லை. அகலமான இடம் வரும்போதெல்லாம் ஒதுங்கிப் பின்னால் வந்தவர்களைப் போகவிட்டேன். எனக்கு என்ன அவசரம்?

கோட்டையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். பெரிதுதான். மேலே ஏறக் கால் விட்டுப்போனது. ஒரு பக்கம் திருத்தவேலைக்குச் சாரம் கட்டியிருந்தார்கள், பனியைக் காணோம். கட்டிய ராசா அதில் சில மாதங்கள்தான் இருந்தாராம், பாதி அறைகள் வேலை முடியாமலே கிடக்கின்றன. மலையிடுக்குப் பாலத்தில் நின்று மூடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பேணியில்தான் வடிவு. ஆனால் புளிச்சாதம் அங்கே நல்லாக இருந்தது. மிளகாய் வாசத்தில் பக்கத்தில் நின்றவர் தும்மினார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சுதன் வாசலில் நின்றான். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். புதுக் கீறல் இல்லை. ஆனாலும் முகம் தெளியவில்லை. அதிர்ஷ்டத்தில் தப்பிவந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

"ஏறு" என்றேன். பேணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் ஏறினான். பெரிய சுற்றுவட்டத்தை நோக்கிக் கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன். அவனுடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. சப்பாத்து சரியாக அந்த ஓட்டைக்குள் போய் நின்றது.

குனிந்து பார்த்தான். நீங்கள் மிதித்து விழுந்த ஓட்டை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. சுற்றுவட்டத்தைத் தாண்டி, கடைகளையும் தாண்டி வந்தபோது சொன்னான்.

"காரை வைச்சிருங்கோ அம்மா."

காரை வாங்க இருந்த ஆளுக்கு, விற்கவில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான். வீடு விற்கிற கதையையும் அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. பேணியில் மறுபடி மிளகாய்த்தூள் போட்டுத் தட்டில் வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இனிச் சந்திகளில் நானே பார்த்து எடுப்பேன், உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன். ஆனால் இந்தக் கார் ஓடும்வரைக்கும் அந்தக் கால்விரிப்பை மாற்றமாட்டேன். நீங்கள் உங்கள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு வாருங்கள்.

வலது பக்கச் சீற்றிலிருந்து,
உங்கள் மனைவி, சுதனின் அம்மா