நாற்பதாம் பக்கம்

தேனி
8.1.2026

அன்புள்ள தங்கச்சி ஷீலாவுக்கு,

ஸ்தோத்திரம். போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

கடைக்கு இந்த வருஷம் எழுபத்தைந்து நிறைகிறது. தாத்தா போடி பஜாரில் ஏலத் தோட்டத்துச் சனத்துக்குத் தோடும் மூக்குத்தியும் விற்றதிலிருந்து இன்றைய வைர மாடி வரை எல்லாவற்றையும் புத்தகமாகப் போடுகிறோம். நம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கென்று வரைகிற நகையை வேறு யாருக்கும் செய்து கொடுப்பதில்லையே, அந்த நகைகளைப் போட்டுக்கொண்டு எல்லாரும் படத்துக்கு நிற்கப்போகிறோம். சென்னையிலிருந்து அத்தைகள்கூட வருகிறார்கள். உன் கெம்பு அட்டிகை லாக்கரில்தான் இருக்கிறது.

நகை போடாத சபைக்கு நீயும் மாப்பிள்ளையும் போனதைக்கூட அப்பா பொறுத்திருப்பார். ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் கடைக்கு வந்து, அத்தனை பேர் பார்க்க அட்டிகையை அவர் மேஜையில் வைத்தாயே, அதைத்தான் தாங்கவில்லை. "பெத்த மகளே வேணாங்கிற நகை நமக்கெதுக்கு" என்று ஓர் அம்மா எழுந்தே போய்விட்டார். பத்தொன்பது வருஷமாக அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை.

அவருக்கு நுரையீரல் ரொம்ப மோசம். பத்து நிமிஷம் போட்டுக்கொள், படம் எடுத்ததும் கழற்றிவிடு. கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் அண்ணன்
கிறிஸ்டோபர்

கம்பம்
15.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சாராள் மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தப் பக்கமே வருவதில்லை என்று கோபித்துக்கொண்டதாகவும் சொல்லுங்கள்.

பத்து நிமிஷத்துக்கு வேஷம் போடுவதென்றால் இத்தனை வருஷம் நான் பட்டதெல்லாம் எதற்கு? போகிற கல்யாண வீட்டிலெல்லாம், "உங்கப்பா கடை நொடிச்சுப்போச்சா ஆத்தா?" என்றுதான் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே பந்தியில் உட்காருகிறேன்.

ஆனால் அன்று கடைக்கு அப்படி வந்தது தப்புதான். வீட்டில் வைத்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இருபத்தாறு வயசு வேகம். அதற்காக அப்பா காலில் விழுகிறேன். நகை போடாததற்காக விழமாட்டேன்.

படத்துக்கு வருகிறேன், வெறுங்கழுத்தோடுதான். ஓரமாக நிற்கிறேன். அப்பா ஒரே ஒரு தடவை "ஷீலா" என்று கூப்பிட்டால் போதும், அண்ணே. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

தங்கை
ஜெபஷீலா

தேனி
20.4.2026

அன்புள்ள ஷீலா,

அப்பாவை அடக்கம்பண்ணி ஒரு மாதம் ஆகிவிட்டது. இத்தோடு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நாற்பதாம் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

படம் எடுத்த அன்று நீ அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். அவர் திரும்பவே இல்லை. நீ அழுதுகொண்டு பஸ் ஏறியது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி, படத்தில் உன் கழுத்துக்கு மட்டும் கம்ப்யூட்டரில் அட்டிகையைப் போடச் சொன்னேன்.

கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஷீலா போட்டுக்கிட்டாளாடா?" என்றார். ஆமாம் என்றேன். "அவளை வரச்சொல்லு" என்றார்.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீ வெறுங்கழுத்தோடு வந்து நின்றால் என் பொய் தெரிந்துவிடும், அந்த மூச்சும் நின்றுவிடும் என்று பயந்துவிட்டேன். ஊருக்குப் போய்விட்டாள், நாளைக்கு வருவாள் என்று சொல்லிவைத்தேன். மறுநாளும் கேட்டார்.

என்னை மன்னித்துவிடு, தாயி.

கிறிஸ்டோபர்

கம்பம்
27.4.2026

அண்ணனுக்கு,

புத்தகம் வந்தது. படத்தில் இருப்பது யாரென்று என் மகளுக்கே தெரியவில்லை.

அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் தெரியும். அப்பா கூப்பிடாமல் மேலே வந்து அவருக்கு மூச்சிரைக்க வைக்கக்கூடாது என்று பெஞ்சிலேயே கிடந்தேன். மதினி கொடுத்த இட்லியைப் பிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆளை விட்டு லாக்கரிலிருந்து அந்த அட்டிகையை எடுத்துவரச் சொல்லி, போட்டுக்கொண்டே மேலே வந்திருப்பேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், போட்டிருப்பேன். சபையில் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று போட்டிருப்பேன். நீங்கள் கேட்டபோது மறுத்தவள்தான். அப்பா கேட்டு மறுத்திருக்க மாட்டேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஜெபம்பண்ணிப் பார்க்கிறேன். அதுவரை நீங்கள் எழுத வேண்டாம்.

சுந்தர்ராஜ் மகள்
ஜெபஷீலா