தொட்டி மூடிகளைப் பற்றி அண்ணனுக்கு

என் பாசத்துக்குரிய அண்ணனுக்கு,

பாசத்துக்குரிய என்று எழுதியது வழக்கத்துக்காக. இன்று உன்மேல் கோபம்தான் இருக்கிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் திட்டினேனே, காதில் போட்டுக்கொண்டாயா?

தெல்தோட்டையில் நீ வார்த்துக் கொடுத்த தண்ணீர்த்தொட்டி மூடி போன வாரம் உடைந்தது. ரோசலின் அக்கா குடத்தோடு அதன்மேல் ஏறியிருக்கிறார். கைகள் விளிம்பில் மாட்டிக்கொண்டதால் உயிர் தப்பியது. கால் முறிந்துவிட்டது. இனி எப்போது கொழுந்து பறிக்கப் போவாரோ தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கல்லு மாதிரி இருந்திச்சே பிள்ள. தட்டிப் பாத்துத்தானே வாங்குனோம்" என்றார்.

ஊரே அப்படித்தான் வாங்கும். தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே நீ ரெசின் பிசினில் கல்தூளை அள்ளி அள்ளிக் கொட்டினாய். கெட்டியாக இருப்பது வேறு, வெடிப்பைத் தாங்குவது வேறு என்று குண்டசாலைப் பட்டறையில் தொண்டை வற்றக் கத்தினேன்.

என் கலவையில் ஒன்று, உன் கலவையில் ஒன்று என இரண்டு பட்டைகள் வார்த்து, இரும்பறுக்கும் வாளால் சின்னக் கீறல் போட்டு வளைத்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அளவாகத் தூள் கலந்ததில் வெடிப்பு நேராக ஓட முடியாமல், ஒவ்வொரு கல்மணியையும் சுற்றி வளைந்து பாதியில் நின்றது. உன் கலவையிலோ தூளைப் பிடித்துவைக்க ரெசின் போதவில்லை. தூள் கட்டி கட்டியாய்ச் சேர்ந்து வெடிப்புக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

நீ சிரித்தாய். "மூடிய எவன் வாளால கீறப் போறான் தங்கச்சி?"

கீறவே வேண்டாம் அண்ணே. கை தவறி விழுந்த ஒரு கல் போதும்.

மூடிகளை ஊர் தலையில் கட்டிவிட்டு, நெஞ்சுவலி என்று சுகமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் அடக்கப் பூசையன்று "தங்கமான மனுசன்" என்று ஒருவர் வாய் கிழியப் பேசினார். நான் அழவில்லை என்று அண்ணிக்கு வருத்தம். எங்கே எந்த மூடிமேல் யார் நிற்கிறார்களோ என்ற பயத்தில் எப்படி அழுவது?

இப்போது வீடு வீடாய்ப் போய் மூடிகளைக் கழற்றுகிறேன். ஹுன்னஸ்கிரியவில் ஒருவர் என் கண்முன்னாலேயே தட்டிக் காட்டினார். "சத்தத்தக் கேளுங்க! அண்ணன் பேரக் கெடுக்க வந்தீங்களா?" சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பிளந்தது. உன் பெயரை நான்தான் கெடுத்தேனாம்!

நேற்று அண்ணி, உன் கல்லறைக்கு ஒரு சிலுவை வார்க்கச் சொன்னார். "அவர் கலக்குற மாதிரியே கலந்து செய்யுங்க" என்று அழுதார்.

கேட்டுக்கொள். கடைசி மூடியும் திரும்பி வரும்வரை உனக்குச் சிலுவை கிடையாது. வந்த பிறகு என் கையால் வார்ப்பேன், சத்தியம். உன் கலவையிலேயே வார்ப்பேன். அதன்மேல் யாரும் ஏறி நிற்கப்போவதில்லை.

இன்னும் உன்னோடு சண்டை தீராத
உன் தங்கச்சி